சிட் பாரெட்

சிட் பாரெட் (ஜனவரி 6, 1946 – ஜூலை 7, 2006) இங்கிலாந்தைச் சேர்ந்த பாடகர், பாடலாசிரியர், கித்தார் இசைக்கலைஞர், ஓவியர் ஆவார். இயற்பெயர் ரோஜர் கீத் பாரெட். பின்னாளில் முற்போக்கு ராக் இசையின் முன்னணிக் குழுக்களுள் ஒன்றாக விளங்கிய பிங்க் ஃபுளொய்டைத் தொடங்கியவர்களுள் ஒருவர். குழுவில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகளே இருந்தார். ஆயினும் அதன் இசைத்தொகுப்புகளுள் சிறந்தது எது என்ற இரசிகர்களின் விவாதம் இவரைத் தவிர்த்து நடைபெறுவதில்லை.

இளமை

கேம்பிரிட்ஜ் நகரில் பிறந்தார். நோயியல் மருத்துவரான தந்தை 1961 டிசம்பரில் காலமானபோது இவருக்கு வயது 15. 1964 இல் ஓவியம் பயில இலண்டன் சென்றார். மறு ஆண்டு ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட் ஆகியோருடன் இணைந்து இயங்கிய குழுவிற்குப் பெயர் சூட்டியவர் இவரே. பிங்க் அண்டர்சன், ஃபுளொய்ட் கவுன்சில் என்னும் அமெரிக்க புளூஸ் கலைஞர் இருவரின் பெயர்களிலிருந்து அப்பெயரை உருவாக்கினார்.

முதல் இசைத்தொகுப்பு

1967 ஆகஸ்ட் மாதத்தில் "த பைப்பர் அட் த கேட்ஸ் ஆஃப் டான்" வெளிவந்தது. பிரித்தானியப் பதிப்பிலுள்ள 11 பாடல்களில் 8 பாரெட் தனித்து இயற்றியவை. பூனை, மிதிவண்டி, சோளக்கொல்லைப் பொம்மை எனக் குழந்தைப் பருவத்துப் பொருள்களே பெரும்பாலும் பாடுபொருள். இதற்கு மாறாக, குழுவினர் அனைவரும் சேர்ந்து அமைத்த "இன்டர்ஸ்டெல்லர் ஓவர்டிரைவ்" சொற்களே இல்லாது ஏறத்தாழ 10 நிமிடங்கள் நீள்வது.

விலகல்

அதே ஆண்டில் எல்எஸ்டி என்னும் போதைப்பொருளை மிகுதியாகப் பயன்படுத்தினார். நடத்தை மாறியது, மேடையில் வாசிக்காமலே நிற்கலானார். கேம்பிரிட்ஜ் நண்பர் டேவிட் கில்மோர் குழுவில் சேர்க்கப்பட்டார். 1968 ஜனவரியில் ஒரு நிகழ்ச்சிக்குப் புறப்பட்ட குழுவினர் பாரெட்டை அழைத்துச் செல்லவில்லை. ஏப்ரலில் விலகல் முறையாக அறிவிக்கப்பட்டது. 1970 இல் இவருடைய இரு தனி இசைத்தொகுப்புகள் வெளிவந்தன. இரண்டின் தயாரிப்பிலும் கில்மோர் பங்கேற்றார்.

இசைத்தொகுப்புகளின் ஒப்பீடு

பாரெட்டுடன் குழுவின் உயிர் போய்விட்டது என்பர் இரசிகருள் ஒரு சாரார். "த டார்க் சைட் ஆஃப் த மூன்" (1973) முதலானவையே உண்மையான பிங்க் ஃபுளொய்ட் என்பர் மற்றொரு சாரார். சிறு பாடல்களின் தொகுதியையும் ஒரே கருப்பொருளைச் சுற்றி அமைந்த நெடும் படைப்பையும் ஒரே அளவுகோலால் அளப்பது பொருத்தமன்று. மேலும், பிந்தையவற்றிலும் பாரெட் இருக்கின்றார். "விஷ் யூ வேர் ஹியர்" (1975) தொகுப்பின் முதன்மைப் பாடல் இவரைப் பற்றியது. "த வால்" (1979) நாயகனிலும் இவருடைய சாயல் உண்டு.

1975 ஜூன் 5 அன்று, இலண்டன் அபே ரோடு ஒலிப்பதிவுக் கூடத்தில் அம்முதன்மைப் பாடலின் பணி நடந்துகொண்டிருந்தபோது, தலையும் புருவமும் மழித்த, உடல் பருத்த ஒருவர் உள்ளே வந்தார். அவர் பாரெட் என்பதை நண்பர்கள் உடனே அறிந்துகொள்ள இயலவில்லை.

இறுதிக் காலம்

பின்னர் கேம்பிரிட்ஜுக்குத் திரும்பி, ரோஜர் என்ற இயற்பெயருடனேயே, ஓவியம் தீட்டியும் தோட்ட வேலை செய்தும் தனித்து வாழ்ந்தார். 1996 இல் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் குழு சேர்க்கப்பட்ட விழாவிற்கும் செல்லவில்லை. 2006 இல் கணையப் புற்றுநோயால் காலமானார். அவ்வாண்டு நவம்பரில் இவருடைய ஓவியங்களும் மிதிவண்டிகளும் வீட்டுப் பொருள்களும் கேம்பிரிட்ஜில் ஏலம் விடப்பட்டன.