ஒரே உலைச் சோறு கேட்ட ஆயர்

மதுரை அரசரடிப் பக்கம் போய்வருகிறவர்களுக்குத் தமிழ்நாடு இறையியல் கல்லூரி தெரிந்திருக்கும். 1969இல் உருவான கல்லூரி. சீர்திருத்தத் திருச்சபைகளுக்கு ஆயர்களைப் படிக்கவைத்து அனுப்பும் இடம். அங்கே பாடம் நடத்திய ஜே. தியோபிலஸ் அப்பாவு என்பவரைப் பரட்டை அண்ணன் என்று சொன்னால்தான் பலருக்குத் தெரியும். கலைந்த தலைமுடியால் வந்த பெயர். பரட்டை என்றதும் 16 வயதினிலே ரஜினி நினைவுக்கு வந்தால் தவறில்லை, நமக்கும் முதலில் அப்படித்தான் வந்தது. பரட்டை என்று சொல்லி ஒதுக்கப்படுகிறவர்களோடு நிற்பதற்கு அந்தப் பெயர் அவருக்குத் தோதாக இருந்தது. அவரும் அதை விடவில்லை.

தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் 1940இல் பிறந்தவர். அவருக்குப் பத்து வயதாகும்போது, 1950இல், குடியரசுத் தலைவரின் ஆணை வந்தது. இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது அது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது. தலித் கிறிஸ்தவருக்கு இன்றுவரை திறக்கவில்லை. கிறிஸ்தவத்தில் சாதி இல்லையே என்பது அரசு தரப்பின் வாதம். ஆனால் ஊருக்குள் போய்ப் பார்த்தால் கோயிலில் தனி இடம், கல்லறையில் தனி வரிசை. அரசு கைவிட்டது, திருச்சபையும் கைவிட்டது. இந்த இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த தலைமுறை அப்பாவுவுடையது.

இதற்கு மதுரையில் நீண்ட கதை உண்டு. 1606இல் இங்கே வந்த ராபர்ட் தெ நோபிலி பிராமணத் துறவி கோலத்தில் மேல்சாதியாரிடம் பேசினார். பிறகு ஒடுக்கப்பட்டோருக்கென்று பண்டாரசாமிகள் தனியாக வந்தார்கள். குருமாரே இரண்டு வகையாகப் பிரிந்தார்கள். 1834இல் வந்த அமெரிக்க மதுரை மிஷன் வேறு வழியில் போனது. சாதியை விட்டுவிட்டேன் என்று வாயால் சொன்னால் போதாது, தாழ்த்தப்பட்டவரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக் காட்டு என்று 1840களின் பிற்பகுதியில் தன் ஊழியர்களுக்கே கட்டளை போட்டது. உபதேசிமார்கள் பலர் சபையை விட்டு நிறுத்தப்பட்டாலும் சரி என்று அந்தச் சோற்றைத் தொட மறுத்தார்கள். வேதத்தை ஏற்றுக்கொண்டவர்களால் பக்கத்து இலைக்காரரை ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

தஞ்சாவூரிலும் இதே சண்டைதான். இன்றும் நம் கோயில்களில் ஒலிக்கும் கீர்த்தனைகளைத் தந்த வேதநாயகம் சாஸ்திரியார், சாதி வழக்கங்களில் மிஷனரிகள் கைவைக்கக் கூடாது என்று வாதாடியவர். பிஷப் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி கூடாது என்று எழுதியபோது வெள்ளாளக் கிறிஸ்தவர்கள் பலர் சபையை விட்டே வெளியேறினார்கள். சாஸ்திரியாரின் தமிழை நாம் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பாட்டோடு கூடவே எது வந்தது என்பதையும் மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

அப்பாவு கை வைத்தது இந்த இடத்தில்தான். சமத்துவத்தைப் பிரசங்கத்தில் பேசிவிட்டு, வழிபாட்டை அப்படியே பழையபடி விட்டுவைத்தால் ஒன்றும் மாறாது என்று அவர் கண்டார். ஒரு பக்கம் ஆங்கில மெட்டில் பாமாலை, மறுபக்கம் கர்நாடக ராகத்தில் கீர்த்தனை. இரண்டையும் முறையாகப் பாடப் பயிற்சி வேண்டும், ஓய்வு வேண்டும், சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும். மொழியோ சமஸ்கிருதம் கலந்த பழைய வேதாகமத் தமிழ். நாற்று நடும்போது தானாகப் பாட்டுக்கட்டுகிற பெண், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குள் வந்ததும் வாயடைத்துப் போகிறாள். அவள் பாட்டு அங்கே பாட்டே இல்லை.

நாட்டுப்புறப் பாட்டைப் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூல் 1986இல் மதுரையிலிருந்து வெளிவந்தது. நாட்டுப்புறம் என்றாலே எல்லாம் நல்லது என்று அவர் நினைக்கவில்லை. அதிலும் சாதி இருக்கிறது, பெண்ணை இழிவுசெய்வது இருக்கிறது. ஆனால் அது பாடுகிறவரின் கையில் இருக்கிற பொருள். பிடிக்காத அடியை மாற்றிக்கொள்ளலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

அந்த எண்ணத்தில் பிறந்ததுதான் கிராம இசை வழிபாடு. பாவ அறிக்கை முதல் ஆசீர்வாதம் வரை ஆராதனை முறைமையை நாட்டுப்புற மெட்டிலும் பேச்சுத் தமிழிலும் அமைத்தார். பரமண்டல ஜெபத்தை அவர் மாற்றி எழுதிய விதம் ஒன்றே போதும், அவர் யார் என்று காட்ட. பிதா என்ற சொல்லை எடுத்துவிட்டுப் பெத்தவர் என்று கடவுளை அழைத்தார். நம் பேச்சில் பெத்தவர் தாயும்தான், தகப்பனும்தான். ஒரே சொல்லில் பெண்ணும் உள்ளே வந்துவிட்டாள்.

அடுத்தது அப்பம். கூலிவேலைக்குப் போகிறவர் வீட்டில் அன்றாடம் அப்பமா சுடுகிறார்கள்? அந்த இடத்தில் அவர் ஒரு ஒலை என்று வைத்தார். உலை என்பதைத்தான் பேச்சில் ஒலை என்கிறோம். அண்ணன் தம்பி பிரிந்தால் அடுப்புப் பிரிந்துவிட்டது என்று சொல்வது நம் வழக்கம். ஒரே உலையில் பொங்கித் தின்கிறவர்கள்தான் ஒரு குடும்பம். அப்படியானால் ஊர் முழுக்க ஒரே உலையில் பொங்கிச் சாப்பிட்டால்? அவரவர் வீட்டு அரிசி ஒரே பானையில் விழுந்துவிட்டால் எது யார் அரிசி என்று பிரித்தெடுக்க முடியாது. நற்கருணைக்கு அவர் கண்ட அர்த்தம் அதுதான். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மதுரையில் மிஷனரிகள் பரீட்சையாக வைத்த சமபந்தியை அவர் மன்றாட்டாக மாற்றினார். வெளியிலிருந்து ஒருவர் போட்ட கட்டளையாக இல்லாமல், பசித்தவரே வாய்திறந்து கேட்பதாக.

பறையைக் கோயிலுக்குள் கொண்டுவந்ததற்குத்தான் எதிர்ப்பு வந்தது. சாவுக்கு அடிப்பது, சாமியாடுவதற்கு அடிப்பது, குடித்துவிட்டு அடிப்பது, அதைப் பீடத்தருகே வைப்பதா என்று வசதியான கிறிஸ்தவர்கள் முகம் சுளித்தார்கள். இது எதிர்பார்க்கக்கூடியதுதான். நம் பக்கத்திலிருந்து எழக்கூடிய கேள்விதான் கனமானது. மேல்சாதி வீட்டுச் சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று ஊர் ஊராக இளைஞர்கள் பறையைத் தூக்கிப் போட்டுக்கொண்டிருந்த காலம் அது. அடிக்க மறுத்ததற்காக அடிபட்டவர்கள் உண்டு. விட்டெறிந்த இழிவை மறுபடி தோளில் மாட்டச் சொல்கிறாரா இந்த ஆயர் என்று அவர்கள் கேட்டால் அதில் நியாயம் இல்லாமலில்லை. நம் பார்வையில், கூப்பிட்டதும் ஓடிப்போய் அடிப்பதும், நம் கடவுளுக்கு முன் நாமே விரும்பி அடிப்பதும் ஒன்றல்ல. அடிமை வேலையை மறுத்தவர்களும் அப்பாவுவும் எதிரெதிராக நிற்கவில்லை. ஆனாலும் இன்றும் பறையைத் தொட விரும்பாத தலித் பெரியவரைப் பிற்போக்கு என்று சொல்ல நமக்கு வாய் வராது. அவர் தோளில் இருந்த தழும்பு நம் தோளில் இல்லை.

அக்கல்லூரி மாணவர்கள் வளாகத்துக்கு வெளியே ஏழைகள் குடியிருக்கும் பகுதிகளில் தங்கிப் படிப்பதும் வழக்கமாக இருந்தது. அப்படிப் படித்துப் பட்டம் வாங்கிக் கிராமச் சபைகளுக்குப் போன ஆயர்கள்தான் அவர் பாட்டை ஊருக்குள் கொண்டுபோனார்கள். ஒலிநாடாக்களும் போயின. சுற்றுவட்டாரம் எப்படி இருந்த காலம் என்பதையும் நினைத்துக்கொள்ள வேண்டும். மேலூர் பக்கம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களும் வெட்டிக் கொல்லப்பட்டது 1997 ஜூன் 30. அரசரடியிலிருந்து பேருந்தில் போய்வரக்கூடிய தூரம்தான். ஒரே உலை என்று பாடுவது அன்று வெறும் அழகான கற்பனை அல்ல.

2005இல் அவர் இறந்தார். அவர் பாட்டுகளை ஆராய்ந்த அமெரிக்க இசை ஆய்வாளர் ஜோயி ஷெரினியனின் நூல் 2014இல் வந்தது. அதைவிட அவருக்குப் பிடித்திருக்கக்கூடியது வேறொன்று. அவர் பாட்டைக் கிராமத்தார் அப்படியே பாடுவதில்லை. சொல்லை மாற்றுகிறார்கள், தங்கள் ஊர் மெட்டுக்கு இழுக்கிறார்கள், இயற்றியவர் பெயரைக் கேட்டால் தெரியாது என்கிறார்கள்.