பால் பாட்டில் மூடியில் புஷ்கின் முகம்... சிறைக்குள் கொலாஜ் செய்த இயக்குநர் பரஜனோவ் யார்?

சோவியத் யூனியனில் அந்தக் காலத்தில் பால் கண்ணாடி பாட்டிலில்தான் வரும். வாய்ப்பகுதியில் மெல்லிய அலுமினியத் தாள் மூடி இருக்கும். பாலைக் குடித்ததும் எல்லோரும் கசக்கித் தூக்கிப் போடுகிற சமாச்சாரம் அது. 1970-களில் உக்ரைன் சிறை முகாமில் இருந்த ஒரு கைதி மட்டும் அதைப் பத்திரமாகப் பொறுக்கி வைத்துக்கொண்டார். ஆணியாலும் விரல் நகத்தாலும் அழுத்தி அழுத்தி, அந்தத் தாளில் கவிஞர் புஷ்கினின் முகத்தைக் கொண்டுவந்தார். பின்பக்கம் பிசினை நிரப்பி இறுக வைத்தார். பார்த்தால் பழங்காலத்து வெள்ளி நாணயமேதான். அதற்கு ‘தாலர்’ என்று பழைய ஐரோப்பிய நாணயத்தின் பெயரையும் வைத்தார்.

அந்தக் கைதி, உலக சினிமா ரசிகர்கள் இன்றும் கொண்டாடும் செர்கேய் பரஜனோவ். அவர் ஏன் சிறைக்குப் போனார், அங்கே போய் ஏன் ஒட்டுப்படம் செய்தார்?

பழைய பொருட்களுக்கு நடுவில் ஒரு பிள்ளை

பரஜனோவ் 1924 ஜனவரி 9-ல் ஜார்ஜியாவின் திபிலிசி நகரில் ஆர்மீனியக் குடும்பத்தில் பிறந்தார். அப்பா பழம்பொருள் வியாபாரி. கம்பளம், பீங்கான், நகை என்று வீட்டுக்கு வரும், போகும். நிலையாக எதுவும் தங்காது. தனியார் வியாபாரத்தைச் சந்தேகத்தோடு பார்த்த அரசு அல்லவா, அடிக்கடி சோதனை நடக்கும். அப்போதெல்லாம் வைரங்களைச் சிறுவன் பரஜனோவை விழுங்க வைத்துவிடுவார்களாம். இது அவரே பின்னாளில் சொன்ன கதை. கதைக்குக் கொஞ்சம் ஜிகினா ஒட்டாமல் பேசத் தெரியாத மனிதர் அவர் என்பதால், எவ்வளவு நிஜம் என்று அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனா, பழைய பொருட்கள் மேல் அவருக்கு இருந்த மோகம் அந்த வீட்டில்தான் தொடங்கியது என்பதில் சந்தேகம் இல்லை.

மாஸ்கோவில் சினிமா படித்து, கீவ் நகர ஸ்டுடியோவில் வேலைக்குச் சேர்ந்தார். தார்கோவ்ஸ்கியின் ‘இவானின் குழந்தைப்பருவம்’ படத்தைப் பார்த்த பிறகு, அதுவரை தான் எடுத்த படங்களையெல்லாம் குப்பை என்று ஒதுக்கிவிட்டார். அதற்குப் பிறகு வந்ததுதான் ‘மறந்துபோன முன்னோர்களின் நிழல்கள்’. கார்பாத்திய மலையில் வாழும் ஹுட்சுல் மக்களின் காதல் கதை. அந்த மக்களின் பேச்சுவழக்கிலேயே எடுத்தார். ரஷ்ய மொழியில் டப்பிங் செய்யச் சொன்னபோது மறுத்தார்.

1965 செப்டம்பர் 4-ல் கீவ் திரையரங்கு ஒன்றில் அந்தப் படத்தின் திரையிடல். எழுத்தாளர் இவான் ஜியூபா மேடையேறி, உக்ரைனிய அறிவுஜீவிகள் ரகசியமாகக் கைது செய்யப்படுவதை எதிர்த்துப் பேசினார். அரங்கத்தில் சிலர் எழுந்து நின்று ஆதரித்தார்கள். எதிர்ப்பு என்ற சொல்லே ஆபத்தாக இருந்த காலம். 1968-ல் இதேபோன்ற அரசியல் வழக்குகளைக் கண்டித்து 139 பேர் எழுதிய கடிதத்திலும் பரஜனோவ் கையெழுத்துப் போட்டார். அவர் அரசியல்வாதி அல்ல. வாயை மூடிக்கொண்டிருக்கத் தெரியாதவர், அவ்ளோதான். அதுவே போதுமானதாக இருந்தது.

அடுத்த படமான ‘கீவ் சுவரோவியங்கள்’ தொடக்கத்திலேயே நிறுத்தப்பட்டது. ஆர்மீனியாவுக்குப் போய், 18-ம் நூற்றாண்டுக் கவிஞர் சயாத் நோவாவைப் பற்றி ‘மாதுளைகளின் நிறம்’ எடுத்தார். அதில் கேமரா அநேகமாக அசையாது. மாதுளை, கத்தி, சரிகை, புத்தகம், மனித முகம் எல்லாம் தட்டையான சட்டத்துக்குள் அடுக்கி வைத்ததுபோல நிற்கும். கதை எங்கே என்று கேட்டார்கள் அதிகாரிகள். இன்னொரு இயக்குநரை வைத்து வெட்டி மாற்றித்தான் வெளியிட அனுமதித்தார்கள். கவனித்துப் பார்த்தால், கையில் கத்தரிக்கோல் எடுப்பதற்கு முன்பே அவர் கொலாஜ்தான் செய்துகொண்டிருந்தார்.

கைது

1973 டிசம்பரில் கீவ் நகரில் கைது செய்யப்பட்டார். தன்பாலின உறவு, ஆபாசப் பொருள் பரப்புதல் என்று குற்றச்சாட்டுகள். அப்போதைய சட்டத்தில் ஆண்களுக்கு இடையிலான உறவே குற்றம் என்பதால், வேண்டாதவர்களைச் சிக்கவைக்க அது வசதியான ஆயுதம். இதே காரணத்துக்காக 1948-லேயே ஒருமுறை திபிலிசியில் பிடிபட்டு, சில மாதங்களில் வெளியே வந்தவர்தான் அவர். இந்த முறை 5 ஆண்டு தண்டனை.

முகாமில் அரசியல் கைதிகளோடு வைக்கவில்லை. திருடர்களும் கொலைக் குற்றவாளிகளும் இருந்த இடங்களில் போட்டார்கள். எந்தக் குற்றச்சாட்டில் வந்தவர் என்பது அங்கே தெரிந்தால் என்ன கதி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனா, அந்த முரட்டுக் கைதிகள் தங்கள் வாழ்க்கைக் கதைகளை அவரிடம் வந்து கொட்ட ஆரம்பித்தார்கள். அவர்களில் பலரை வரைந்தார். சாக்குத் துணியில் பொம்மை தைத்தார். சீட்டுக்கட்டு வரைந்தார். காய்ந்த பூ, இலை, காகிதத் துண்டு என்று கிடைத்ததையெல்லாம் ஒட்டினார். மனைவியாக இருந்து பிரிந்த ஸ்வெத்லானாவுக்கும் மகன் சுரேனுக்கும் போன கடிதங்களிலும் இவை போயின. சிறையில் மட்டும் அவர் செய்தவை சுமார் 800 என்று கணக்கு சொல்கிறார்கள்.

மோனாலிசா எப்படி வந்தாள்?

அவருடைய கொலாஜ்களில் அதிகம் பேசப்படுவது ‘ஜியோகோண்டாவின் வாழ்க்கையில் சில சம்பவங்கள்’ என்ற வரிசை. ஜியோகோண்டா என்றால் நம்ம மோனாலிசாதான். முகாமில் ஒரு கைதியின் உடம்பில் மோனாலிசா பச்சை குத்தியிருந்ததாம். அவன் கையைத் தூக்கினால் அவள் சிரிப்பாள், இறக்கினால் முகம் சுளிப்பாள். அதைப் பார்த்துதான் யோசனை வந்ததாகப் பரஜனோவ் சொல்லியிருக்கிறார்.

மோனாலிசாவின் அச்சுப் படங்களை வெட்டி, முகத்தை இடம் மாற்றி, கைகளைப் பெருக்கி, மறுபடி ஒட்டினார். ஒன்றில் இருக்கும் புன்னகை இன்னொன்றில் அழுகை மாதிரி தெரியும். இதில் ஒரு விநோதம்: அசல் மோனாலிசா ஓவியம் 1974 கோடையில் மாஸ்கோவுக்கே வந்து காட்சிக்கு வைக்கப்பட்டது. மக்கள் மணிக்கணக்கில் வரிசையில் நின்று பார்த்தார்கள். அந்த நேரம் பரஜனோவ் கம்பி வேலிக்குள்!

கொலாஜ் என்பது சுருக்கி மடித்த சினிமா என்பதே அவர் கருத்து. சினிமா எடிட்டிங்கிலும் வெட்டுவதும் ஒட்டுவதும்தானே வேலை. ஒரு துண்டின் பக்கத்தில் இன்னொரு துண்டை வைத்தால், இரண்டிலும் இல்லாத மூன்றாவது அர்த்தம் பிறக்கும். படம் எடுக்க ஸ்டுடியோ வேண்டும், அனுமதி வேண்டும், பணம் வேண்டும். இதற்குப் பசை போதும்.

விடுதலை, மறுபடி சிறை

வெளியே தார்கோவ்ஸ்கி உள்ளிட்டோர் அவருக்காகக் குரல் கொடுத்தார்கள். ஐரோப்பிய இயக்குநர்கள் மனு அனுப்பினார்கள். எதற்கும் அசையாத மாஸ்கோ, கடைசியில் ஒரு தனிப்பட்ட சிபாரிசுக்கு இறங்கியது. கவிஞர் மயகோவ்ஸ்கியின் காதலியாக இருந்த, 86 வயது லில்யா பிரிக் கேட்டுக்கொண்டதால், பிரெஞ்சுக் கம்யூனிஸ்ட் எழுத்தாளர் லூயி அரகோன் நேரடியாக பிரெஷ்னெவிடம் பேசினார். 1977 டிசம்பர் 30-ல், தண்டனை முடிய ஓராண்டு இருக்கும்போதே, பரஜனோவ் வெளியே வந்தார்.

படம் எடுக்க மட்டும் விடவில்லை. திபிலிசியில் பிறந்த வீட்டுக்கே திரும்பினார். வருமானம் கிடையாது. வீடு முழுக்க கொலாஜ், பொம்மை, உடைந்த பீங்கான், விசித்திரமான தொப்பிகள். 1982-ல் லஞ்ச வழக்கில் மறுபடி கைதாகி, மாதக்கணக்கில் சிறையில் இருந்துவிட்டு வந்தார். ‘மாதுளைகளின் நிறம்’ முடித்து ஏறக்குறைய 15 ஆண்டுகள் கழித்துத்தான் ‘சுராம் கோட்டையின் கதை’ எடுக்க முடிந்தது. 1988-ல் ‘ஆஷிக் கெரிப்’ வந்தது. அதை மறைந்த தார்கோவ்ஸ்கிக்குச் சமர்ப்பித்தார். வெளிநாடு போக முதல் அனுமதி கிடைத்ததும் அதே ஆண்டில்தான், ராட்டர்டாம் திரைப்பட விழாவுக்கு. வயது 64.

1988 தொடக்கத்தில் யெரெவானில் அவருடைய ஓவியங்களும் கொலாஜ்களும் கண்காட்சியாக வைக்கப்பட்டன. ஆர்மீனிய அரசு அவருக்கென வீடும் அருங்காட்சியகமும் கட்டித்தர முன்வந்தது. அந்த டிசம்பரில் வந்த பெரும் நிலநடுக்கத்தால் கட்டுமானம் தள்ளிப்போனது. தன் சிறுவயதைப் பற்றிய ‘ஒப்புதல்’ படத்தைத் தொடங்கிய கொஞ்ச நாளில் நுரையீரல் புற்றுநோய் முற்றியது. படம் நின்றது. 1990 ஜூலை 20-ல் யெரெவானில் காலமானார்.

அடுத்த ஆண்டு, 1991-ல், அந்த வீடு அவர் ஒருநாள்கூட வசிக்காமலேயே அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது. மோனாலிசா வரிசையும் சாக்குத் துணி வேலைகளும் பால் பாட்டில் மூடித் தாலர்களும் இப்போது அங்கேதான் இருக்கின்றன.