மக்கள் பிரதிநிதி கோபால கிருஷ்ண கோகலே

ஒருவரைத் தம் பிரதிநிதியாகச் சபைக்கு அனுப்பிவிட்டு, அவர் போதிய துணிவுடன் எதிர்த்து நிற்கின்றாரில்லை என்று மக்கள் குறைப்படுவது எந்நாட்டிலும் உள்ள வழக்கம். ஆட்சி அந்நியர் கையில் இருந்த காலத்தில் இக்குறை இன்னும் பலமாக ஒலித்தது. அதனைத் தம் வாழ்நாள் முழுவதும் கேட்டவாறே தொண்டாற்றி மறைந்தவர் கோபால கிருஷ்ண கோகலே. காந்தியடிகள் தம் அரசியற் குரு என்று போற்றிய அப்பெரியாரின் சரிதையை இளைஞர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நன்று.

கோகலே 1866ஆம் ஆண்டு மே மாதம் 9ஆந் திகதி, பம்பாய் மாகாணத்து இரத்தினகிரி மாவட்டத்திலே கோட்லுக் என்னும் சிற்றூரில் எளிய அந்தணக் குடும்பமொன்றிற் பிறந்தார். பதின்மூன்றாம் வயதில் தந்தையாரை இழந்தார். மூத்த சகோதரர் தம் படிப்பை நிறுத்தி, மாதம் பதினைந்து ரூபாச் சம்பளத்தில் வேலைக்கமர்ந்து, அதில் எட்டு ரூபாவைத் தம்பியின் படிப்புக்கு அனுப்பினார். தமையனாரின் அத்தியாகத்தை நினைந்து ஒவ்வொரு காசையும் கணக்குப் பார்த்துச் செலவிட்ட அம்மாணவரே பிற்காலத்தில் ஒரு பேரரசின் வரவு செலவுக் கணக்கை நுணுகி ஆராய்ந்து பிழை கூறினார்.

1884இல் பம்பாய் எல்பின்ஸ்டன் கல்லூரியிற் பட்டம் பெற்றார். பெரும் பதவிகளை நாடாமல், புனாவிலே தக்கணக் கல்விச் சங்கத்திற் சேர்ந்து, பேர்கசன் கல்லூரியில் 1902 வரை குறைந்த ஊதியத்தில் ஆசிரியராயிருந்தார். நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடேயே அவருடைய ஆசான். ஒரு குற்றச்சாட்டைச் சொல்லுமுன் அதற்கான ஆதாரத்தைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்னும் பழக்கத்தை ரானடேயிடமே அவர் கற்றார். ஆயினும் அப்பாடத்தின் முழுப் பொருளையும் அவருக்கு உணர்த்தியது ஒரு கசப்பான அனுபவமே.

1897ஆம் ஆண்டிலே, இந்தியச் செலவுகளை ஆராய்ந்த வெல்பி விசாரணைக் குழுவின் முன் சாட்சியமளிக்க அவர் இங்கிலாந்து சென்றிருந்தார். அவ்வேளையிற் புனாவைக் கொள்ளைநோய் வாட்டியது. வீடு வீடாகச் சோதனையிட்ட படையினர் பெண்களை மானபங்கப்படுத்தினர் என்று ஊரிலிருந்து நண்பர்கள் கடிதம் எழுதினர். மனங்கொதித்த கோகலே அதனை அங்குள்ள பத்திரிகை வாயிலாக வெளியிட்டார். அரசாங்கம் ஆதாரம் கேட்டது. அவர் தாயகம் திரும்பியபோது பொலிஸ் அதிகாரி கப்பலுக்கே வந்து விசாரித்தார். ஊருக்குள் விசாரித்துப் பார்த்தார் கோகலே. நிரூபிக்கத்தக்க சான்று எதுவும் அவர் கைக்குக் கிட்டவில்லை. கடிதம் எழுதியவர் இன்னாரென்று காட்டிக்கொடுக்கவும் அவர் ஒருப்படவில்லை. பழி முழுவதையும் தாமே ஏற்று, நிபந்தனையின்றி மன்னிப்புக் கோரினார்.

ஊரார் அவரைக் கோழை என்று ஏசினர். அதே ஆண்டில் பாலகங்காதர திலகர் இராசத்துரோக வழக்கிற் பதினெட்டு மாதச் சிறைத்தண்டனை பெற்றமையால், இருவரையும் ஒப்பிட்டு ஏசுவதும் எளிதாயிற்று. ஆனால் நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டிய இடம் இது. தமக்காக ஒருவர் துணிந்து பேசவேண்டும் என்று விரும்பியவர் பலர். அவர் பேசியபின் பக்கத்தில் வந்து நின்று, ஆம், இது நடந்தது என்று சொல்ல ஒருவரேனும் முன்வந்தாரில்லை. அச்சம் அவர்களைத் தடுத்தது. அதனை நாம் குறைகூறுதல் எளிதன்று. எனினும் சாட்சியின்றிச் சபையேறுபவன் எத்துணை வீரனாயினும் தோற்றே தீருவான். கோகலே அவமானத்தால் ஒதுங்கிவிடவில்லை. கொள்ளைநோய் நிவாரண வேலையில் இறங்கி, நோயாளரிடையே தொண்டு செய்தார்.

பின்னர் பம்பாய்ச் சட்டசபையில் அங்கத்துவம் பெற்றார். 1901இல் அரசாங்கம் நிலவரிச் சட்டத்தைத் திருத்தி, உழவரின் நில உரிமையைக் குறைக்க முற்பட்டது. எவ்வளவு வாதித்தும் அரசாங்கம் இணங்காமையால், சர் பெரோஸ்ஷா மேத்தா முதலியோருடன் கோகலேயும் சபையை விட்டு வெளியேறினார். அடங்கிப்போகிறவர் என்று எண்ணப்பட்டவர், தருணம் வந்தபோது வெளிநடப்புக்கும் அஞ்சவில்லை.

1902 முதல் வைசிராயின் சட்டசபையிற் பம்பாயின் பிரதிநிதியாக விளங்கினார். அவரைத் தெரிவு செய்தோர் மாகாணச் சட்டசபையின் உத்தியோகப்பற்றற்ற அங்கத்தவர் சிலரே. சாதாரண மக்களுக்கு அன்று வாக்குரிமை இல்லை. ஆயினும் மக்கள் அவரைத் தம் பிரதிநிதியாகவே கொண்டனர்; உரிமையுடன் கோபித்தும் கொண்டனர். சபையிலோ உத்தியோக அங்கத்தவரே பெரும்பான்மையினர். எத்தீர்மானத்தையும் அவர்கள் தோற்கடித்துவிடலாம். அத்தகைய சபையில், வரவு செலவுத் திட்டத்தில் மிச்சம் காட்டிப் பெருமைப்பட்ட அரசாங்கத்தை நோக்கி, அம்மிச்சம் நாட்டின் செழிப்பைக் காட்டுவதன்று, ஏழைகளிடம் அளவுக்கு மிஞ்சி வரி வாங்கியதையே காட்டுவது என்று அவர் புள்ளிவிவரத்தோடு நிறுவினார். ஆண்டுதோறும் உப்பு வரியைக் குறைக்குமாறு வற்புறுத்தினார். மணங்குக்கு இரண்டரை ரூபாவாயிருந்த அவ்வரி 1903இல் இரண்டு ரூபாவாகவும், 1905இல் ஒன்றரை ரூபாவாகவும், 1907இல் ஒரு ரூபாவாகவும் குறைந்தது. ஏழையின் கஞ்சிக்கு உப்பு மலிந்ததில் அவருடைய ஓயாத வாதத்துக்கும் பங்குண்டு.

1905இல் வங்காளம் பிரிக்கப்பட்டது; நாடு கொதித்தெழுந்தது. அவ்வாண்டு காசியிற் கூடிய காங்கிரசுக்குத் தலைமை வகித்த கோகலே பிரிவினையைக் கண்டித்தார்; சுதேசி இயக்கத்தை ஆதரித்தார். இளைஞருக்கு அது போதவில்லை. விண்ணப்பமும் வாதமும் யாசகமே என்றனர். 1907இல் சூரத்துக் காங்கிரசு குழப்பத்தில் முடிந்து, மிதவாதிகள் வேறு, தீவிரவாதிகள் வேறு எனப் பிளவுபட்டது. 1908இல் திலகர் ஆறாண்டுத் தண்டனை பெற்று மாந்தளைச் சிறைக்கு அனுப்பப்பட்டபின், மிதவாதியான கோகலே மீது வந்த வசை இன்னும் பெருகியது.

அவரோ 1911இல் கட்டாய ஆரம்பக் கல்வி மசோதாவைக் கொணர்ந்தார். ஆறு முதல் பத்து வயது வரையுள்ள சிறுவர் பள்ளி செல்வதைத் தத்தம் எல்லைக்குள் கட்டாயமாக்க உள்ளூர் மன்றங்களுக்கு அதிகாரம் அளிப்பதே அதன் நோக்கம். 1912 மார்ச்சில் வாக்கெடுப்பு நடந்தது. ஆதரித்தோர் 13 பேர். எதிர்த்தோர் 38 பேர். தோல்வி நிச்சயம் என்பதை முன்னரே அறிந்தும் அவர் அதனை முன்வைத்தார். கல்வியைப் பிள்ளைகளின் உரிமையாக்கும் சட்டம் இந்தியாவில் நிறைவேறியது 2009ஆம் ஆண்டிலேயே.

தமிழ் மக்களாகிய நமக்கு நெருக்கமான செய்தி இனி வருகின்றது. தென்னாபிரிக்க நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றோரில் மிகப் பலர் தமிழர். ஒப்பந்தம் முடிந்தபின் அங்கேயே தங்கியவர்மீது ஆண்டுக்கு மூன்று பவுண் தலைவரி சுமத்தப்பட்டிருந்தது. 1910இல் கோகலே கொணர்ந்த தீர்மானத்தின் பயனாக, நேட்டாலுக்கு ஆள் சேர்ப்பது மறு ஆண்டிலே தடை செய்யப்பட்டது. 1912இல் அவரே தென்னாபிரிக்கா சென்று, போதா, ஸ்மட்ஸ் ஆகிய அமைச்சர்களைச் சந்தித்தார். தலைவரி நீங்கும் என்று நம்பித் திரும்பினார். காந்தியடிகளோ ஐயுற்றார், அவர் ஐயமே மெய்யாயிற்று. 1913இல் தொழிலாளர் வேலையை விட்டு வெளியேறினர்; பெண்களும் சிறை புகுந்தனர். சிறையில் நோயுற்று, வெளிவந்தபின் உயிர் நீத்த இளநங்கை தில்லையாடி வள்ளியம்மையை நாம் மறக்கலாமா? நீரிழிவால் நலிந்திருந்த கோகலே அவர்களுக்காக இந்தியாவெங்கும் நிதி திரட்டினார். நாட்டையே அவர்கள் பக்கம் திருப்பினார். 1914இல் தலைவரி ஒழிந்தது.

இங்கே 1897இல் இல்லாதிருந்த ஒன்று இருந்தது. சபையிலே பேசியவருக்குப் பின்னால், துன்பத்தைத் தாமே ஏற்று மெய்ப்பிக்கும் மக்கள் நின்றனர். விண்ணப்பம் மாத்திரம் போதாது என்ற இளைஞரின் வாதமும் பொய்யாகவில்லை. ஆதாரத்தோடு பேசவேண்டும் என்ற கோகலேயின் நெறியும் பொய்யாகவில்லை. இரண்டும் கைகோத்தபோதே வெற்றி வந்தது.

கோகலே 1915 பெப்ரவரி 19ஆந் திகதி, நாற்பத்தெட்டாம் வயதிற் புனாவிற் காலமானார். வாழ்நாளெல்லாம் அவரோடு மாறுபட்ட திலகர், ஈமச் சடங்குக்கு வந்து, அவரை வழிகாட்டியாகக் கொள்ளுமாறு மக்களை வேண்டினார். 1905இல் அவர் தொடக்கிய இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமை, வலங்கைமான் தந்த அறிஞர் சீனிவாச சாஸ்திரியாரிடம் வந்தது.

இளைஞர்காள்! பிரதிநிதிகளைத் தட்டிக் கேளுங்கள். அது உங்கள் உரிமை. மூத்தோரும் அக்கேள்வியை அவமதிப்பாகக் கொள்ளற்க. ஆனால் துணிந்து பேசு என்று ஒருவரை ஏவுமுன், அவர் பேசிய மறுநாள் அவர் அருகில் நின்று சாட்சி சொல்ல நாம் ஆயத்தமா என்று நம்மையே கேட்டுக்கொள்வோம். அக்கேள்விக்கு ஆம் என்று விடை சொல்லக்கூடிய ஊருக்குத் துணிவுள்ள பிரதிநிதி வாய்ப்பது அரிதன்று.