கணக்கறிந்த சூதாடி

பாண்டிருப்புத் திரௌபதை அம்மன் கோயிலிற் பாரதக் கதை கேட்டு வளர்ந்தவன் நான். தருமன் மனைவியையும் பணயம் வைக்கும் கட்டத்தில், இவ்வளவு அறிந்தவன் ஏன் எழுந்து போகவில்லை என்று சிறுவயதிலேயே வியந்ததுண்டு. அவ்வினாவுக்கு விடை, இத்தாலிய மருத்துவர் ஜெரோலமோ கார்டானோவின் வாழ்க்கையிற் கிடைத்தது.

1501ஆம் ஆண்டு பிறந்த கார்டானோ, மணமாகாத பெற்றோரின் மகன் என்பதால், மிலான் நகர மருத்துவர் சங்கம் அவரை நெடுங்காலம் சேர்த்துக்கொள்ளவில்லை. வருவாயின்றிச் சூதை நம்பினார். மனைவியின் நகைகளும் வீட்டுத் தளபாடங்களும் அடகுக்குப் போயின. குடும்பம் ஏழைகள் விடுதியில் ஒதுங்கிற்று. 1545இல் வெளிவந்த இயற்கணித நூல் அவருக்குப் பெரும்புகழ் தந்தது. ஆயினும் ஏறத்தாழ 25 ஆண்டுகள் பகடையை அவர் விட்டாரில்லை.

ஆடியவர் ஆராய்ந்தும் பார்த்தார். ஒன்றையொன்று சாராத நிகழ்ச்சிகள் ஒருங்கே நேரும் வாய்ப்பைப் பெருக்கியே அறியவேண்டும் என்று கண்டார். 1576இல் அவர் மறைந்து 87 ஆண்டுகளின் பின்னரே அந்நூல் அச்சேறிற்று.

கைத்தொலைபேசியிற் சுழல்சக்கரச் சூதாடி, வலை வாங்க வைத்திருந்த பணத்தை இழந்தான் என் மருமகன். இவ்வளவு நேரம் கொடுக்காத சக்கரம் இனிக் கொடுத்தே தீரும் என்பது அவன் நம்பிக்கை. அவனுக்கு இக்கணக்கையே சொன்னேன். மூன்று சக்கரங்கள், ஒவ்வொன்றிலும் 10 உருவங்கள், அவற்றுள் மணி ஒன்று எனக் கொள்வோம். மூன்று மணிகளும் ஒருங்கே விழ 1,000இல் ஒரு வாய்ப்பே உண்டு. ஒரு சுற்றுக்கு 10 ரூபா கட்டணம், மும்மணிக்கு 5,000 ரூபா பரிசு என்றால், 1,000 சுற்றுக்கு 10,000 ரூபா போகும்; சராசரியாக 5,000 திரும்பும். இடையிடையே சிறு பரிசுகள் விழுந்தாலும், மொத்தம் கட்டணத்திற் குறையுமாறே அமைப்பார்கள். வாவியில் வெறும் வலை இழுத்தவனுக்கு நீரோட்டமும் மழையும் முகத்துவாரம் திறந்த காலமும் மறுநாளைக்குப் பாடமாகும். சக்கரத்துக்கோ முந்திய சுற்றின் நினைவே இல்லை.

மருமகன் மறுமொழி சொல்லவில்லை. தொலைபேசியை என்னிடம் தந்துவிட்டு வாவிக்குப் போனான். விடிந்ததும் திரும்பக் கேட்டான்.

ஆடாதிருப்பதே சூதாடிக்குப் பேராதாயம் என்று எழுதியவர் கார்டானோ. பெயரும் பொருளும் காலமும் சூதில் அழிந்தனவென்று முதுமையில் தன்வரலாற்றிலும் ஒப்புக்கொண்டார். கணக்கு அவருக்கு என்றோ தெரிந்திருந்தது. தருமனைப் பற்றிய என் வினாவுக்கு அதுவே விடை: இழப்பை அறிவு எண்ணிக் காட்டும், ஆசனத்தை விட்டு எழவேண்டியவை கால்கள்.