புற்றுநோய்க்கு எதிராகப் போராடிய மாதரசி: டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி

துன்பத்தைக் காணாதவர் உலகில் இல்லை. தாம் கண்ட துன்பத்தைப் பிறர் காணலாகாது என்று உழைப்பவரோ மிகச் சிலர். அச்சிலருள் ஒருவரான டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வரலாற்றை எமது இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

அம்மையார் 1886 ஆம் ஆண்டு ஜூலை 30 ஆம் நாள் புதுக்கோட்டையில் பிறந்தார். எமது காரைதீவு ஈன்ற சுவாமி விபுலாநந்தருக்கு ஆறாண்டு மூத்தவர். பெண்கள் படிதாண்டிப் படிக்கச் செல்லாத அக்காலத்தில், ஆண்கள் பயின்ற மகாராஜா கல்லூரியில் கற்றார். 1907 இல் சென்னை வைத்தியக் கல்லூரியிற் சேர்ந்து 1912 இல் பட்டம் பெற்றார். சட்டசபையில் அவர் வகித்த துணைத்தலைவர் பதவியும், தேவதாசி முறையை ஒழிக்க அவர் ஆற்றிய பணியும், ஒளவை இல்லமும் யாவரும் அறிந்தவை. நாம் இங்கே கூற வந்தது வேறொரு தொண்டு.

1923 இல் அம்மையாரின் தங்கை புற்றுநோயால் மாண்டார். வயிற்றுளைவு என்று முதலில் எண்ணப்பட்ட அந்நோய் இன்னதென்று தெளிந்தபோது காலம் கடந்துவிட்டது. வைத்தியரான தமக்கையின் கண்முன்னே தங்கை வருந்தி வருந்தி இறந்தார். அந்த மரணம் அம்மையாரின் உள்ளத்தில் ஆறாத வடுவாயிற்று. ஆயினும் அழுதுகொண்டு அவர் அமர்ந்துவிடவில்லை.

1935 இல் சென்னை வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவிலே, புற்றுநோய்க்கெனத் தனி வைத்தியசாலை வேண்டும் என்ற கருத்தை அவர் முன்வைத்தார். தீராத நோய்க்குப் பணம் செலவிடுவானேன் என்பதே அந்நாளில் பலரின் எண்ணம். அம்மையார் சளைக்கவில்லை. 1949 இல் இந்திய மாதர் சங்கத்தின் வழியாகப் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கப்பட்டது. பொதுமக்களிடம் சிறுகச் சிறுகப் பொருள் சேர்ந்தது. 1952 இல் பண்டித நேரு அடையாற்றில் அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18 அன்று பன்னிரண்டு படுக்கைகளுடன் வைத்தியசாலை திறக்கப்பட்டது. தங்கை இறந்து முப்பத்தோராண்டு கழிந்திருந்தது. அம்மையாருக்கு அப்போது வயது அறுபத்தேழு!

அம்மையாரின் மைந்தர் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955 இல் வந்து சேர்ந்த டாக்டர் சாந்தாவும் அந்நிலையத்தின் இரு தூண்களாயினர். சில ஆண்டுகளிற் கனடா நாட்டின் உதவியாற் கோபாற்று-60 கதிர்ச் சிகிச்சைக் கருவி அங்கு வந்தது. பழைய எக்ஸ் கதிர்கள் உடலின் மேற்றோலைச் சுட்டுப் புண்ணாக்கின. கோபாற்றின் காமாக் கதிர்களோ தோலை அவ்வளவாக வருத்தாமல் ஆழத்திலுள்ள கட்டியைச் சென்று தாக்குவன. கதிரை ஒரேயடியாகச் செலுத்தாமல் நாள்தோறும் சிறிது சிறிதாகச் செலுத்துவர். இடையிலே நல்ல கலங்கள் தம்மைச் சீர்செய்துகொள்ளும். நோயுற்ற கலங்களுக்கு அவ்வாற்றல் குறைவு. ஒட்சிசன் குறைந்த கலங்கள் கதிருக்கு எளிதில் அழியா என்பதையும் அக்காலத்தில் ஆங்கில விஞ்ஞானி கிரே முதலியோர் விளக்கினர். அடையாற்று வைத்தியர்களும் வாய்ப்புற்றுக்கு மருந்தையும் கதிரையும் இணைத்துச் சிகிச்சை செய்து ஆராய்ந்தனர்.

அம்மையார் 1968 ஜூலை 22 அன்று இவ்வுலக வாழ்வை நீத்தார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தி 2010 இலும், டாக்டர் சாந்தா 2021 இலும் மறைந்தனர். பன்னிரண்டு படுக்கைகளுடன் எழுந்த நிலையமோ இன்று பன்னூறு படுக்கைகளுடன் ஏழைகளுக்கு நிழல் தரும் ஆலமரமாய் நிற்கின்றது.

இவ்வரலாற்றை எமது கல்முனைக் கரையோர மக்கள் படித்து மகிழ்ந்தால் மட்டும் போதாது. இங்கே தமிழர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் விருந்தினர் முன் வெற்றிலை வட்டா வைப்பது வழக்கம். வெற்றிலையோடு சேரும் பாக்கும் புகையிலையும் வாய்ப்புற்றுக்குக் காரணமாவன என்பது ஐயமின்றி நிறுவப்பட்ட உண்மை. பெரியோர்களே, வாயில் ஆறாத புண்ணோ வெண்படையோ கண்டால் மறைக்காதீர்கள், நாட்கடத்தாதீர்கள். இளைஞர்களே, அவர்கள் தயங்கினால் கைபிடித்து வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். தொடக்கத்திற் கண்டால் இந்நோயைத் தீர்க்க வழியுண்டு. தங்கைக்குக் கிட்டாத அந்தக் காலம் பிறருக்குக் கிட்டவேண்டும் என்றே அம்மையார் முப்பதாண்டு பாடுபட்டார். அதனை நாம் வீணாக்கலாகாது.