தங்கம் தந்த பள்ளி ஆசிரியர்

குட்டீஸ், கொட்டிவாக்கம் கடற்கரையில் சிறுவர்கள் கால்பந்து ஆடுவதைப் பார்த்திருப்பீர்கள். பந்து காலில் பட்டதும், அதைத் தானே உருட்டிச் சென்று கோல் போடத்தான் எல்லாருக்கும் ஆசை. இந்த ஆசைக்குக் கடிவாளம் போட்டே, இந்தியக் கால்பந்தை உயரத்துக்குக் கொண்டு சென்றவர் ஒருவர் இருந்தார். அவர்தான் சையத் அப்துல் ரஹீம்.

1909-ம் ஆண்டு ஆகஸ்ட் 17-ந் தேதி ஐதராபாத்தில் பிறந்தார் ரஹீம். படித்து முடித்ததும் பள்ளி ஆசிரியர் ஆனார். பிறகு ஐதராபாத் நகர போலீஸ் அணியின் பயிற்சியாளரானார். அந்த அணி 1950 முதல் 1954 வரை தொடர்ந்து 5 முறை ரோவர்ஸ் கோப்பையை வென்றது.

சிறுவர்களுக்கு அவர் வைத்த போட்டிகள் வேடிக்கையானவை. ஒரு போட்டியில் பந்தை உருட்டிக்கொண்டே ஓடக் கூடாது. வந்த வேகத்தில் அடுத்தவருக்குத் தட்டிவிட வேண்டும். இன்னொன்றில், பழக்கமில்லாத காலால்தான் உதைக்க வேண்டும்!

ஏன் இப்படி? ஆள் எவ்வளவு வேகமாக ஓடினாலும், பந்து அதைவிட வேகமாக ஓடும். ஆனால், நண்பன் நிற்கும் இடத்துக்குப் பந்தை அனுப்பினால் எதிரணி வீரர் தடுத்துவிடலாம். அவன் ஓடிச் சேரப்போகும் காலி இடத்துக்கு அனுப்ப வேண்டும். அனுப்புபவரும் ஓடுபவரும் ஒரே நொடியில் ஒரே மாதிரி யோசிக்க வேண்டும். ஒரு நொடி தாமதித்தாலும் பந்து பறிபோய்விடும். இந்தப் பழக்கம் சிறுவயதிலேயே வர வேண்டும் என்று ரஹீம் நம்பினார்.

இந்திய அணிக்கும் அவரே பயிற்சியாளரானார். 1951-ல் டெல்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில் இந்தியா தங்கம் வென்றது. ஆனால், 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யூகோஸ்லாவியாவிடம் 1-10 என்ற கோல் கணக்கில் படுதோல்வி! ரஹீம் துவண்டுவிடவில்லை. 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில், ஆஸ்திரேலியாவை 4-2 என்று வீழ்த்தி அரையிறுதிக்குச் சென்ற இந்தியா 4-வது இடம் பிடித்தது.

அதன்பின் புற்றுநோய் ரஹீமைத் தாக்கியது. அந்த நிலையிலும், 1962-ல் ஆசிய விளையாட்டுக்காக அணியை ஜகார்த்தாவுக்கு அழைத்துச் சென்றார். முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் 0-2 என்று தோல்வி. தாய்லாந்துடன் மோதியபோது தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்குக்குத் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. ரஹீம் தயங்காமல், அரையிறுதியில் அவரை முன்வரிசையில் ஆட வைத்தார். இந்தியா வென்றது.

செப்டம்பர் 4-ந் தேதி இறுதிப் போட்டி. எதிரே மீண்டும் தென்கொரியா! அரங்கில் இருந்த பெருங்கூட்டம் இந்தியாவுக்கு எதிராகக் கூச்சலிட்டது. பி.கே.பானர்ஜி ஒரு கோல் அடித்தார். தையல் போட்ட தலையோடு ஆடிய ஜர்னைல் சிங் இன்னொரு கோல் அடித்தார். கோல் கம்பத்தைக் காத்தவர், நீலகிரியின் வெலிங்டனில் உள்ள மெட்ராஸ் ரெஜிமென்ட் மைய அணியில் ஆடிப் புகழ்பெற்ற பீட்டர் தங்கராஜ். 2-1 என்று வென்று தங்கம் பெற்றது இந்தியா.

அடுத்த ஆண்டு, 1963 ஜூன் 11-ந் தேதி ரஹீம் காலமானார். ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பிறகு தங்கம் வெல்லவே இல்லை. அவரது வாழ்க்கையைத் தழுவிய ‘மைதான்’ என்ற இந்தித் திரைப்படம் 2024-ல் வெளிவந்தது.

அடுத்த முறை பந்து உங்கள் காலுக்கு வரும்போது, காலி இடத்தை நோக்கி ஓடும் நண்பன் யார் என்று பாருங்கள்!