தோமாஸ் அக்குவினாஸ் என்னும் நல்லாசிரியர்

கற்பித்தல் எளிய தொழிலன்று. தாம் அறிந்ததை மாணாக்கர்க்கு உரைப்போர் பலர். தம் கொள்கைக்கு மாறானதையும் அதன் முழுவலியோடு எடுத்துரைத்து, அதன் பின்னரே தம் விடையைக் கூறுவோர் மிகச் சிலர். நன்னூலார் வகுத்த எழுவகை மதங்களுள், பிறர் மதத்தை மேற்கொண்டு பின்னர்க் களைதலும் ஒன்றென்பது தமிழ் கற்றார் அறிந்ததே. இந்நெறியை, வினவுதற்கே இடமில்லை என்று பலரும் எண்ணும் தேவசாஸ்திரத் துறையில் வாழ்நாள் முழுதும் கைக்கொண்டு கற்பித்த ஒரு மேனாட்டுப் பெரியாரின் சரிதத்தை ஈண்டு எழுதப் புகுந்தோம். அவரே தோமாஸ் அக்குவினாஸ் என்பார். தேவசாஸ்திரமாவது கடவுளின் இயல்பு, உலகின் தோற்றம், உயிரின் கதி ஆகியவற்றை ஆராயும் கிறிஸ்தவ நூற்றுறை. அச்சமயத்தைச் சாராதாரும் இவர் கற்பித்த முறையால் பயன் பெறலாம் என்பது எம் துணிபு.

இத்தாலி தேசத்தில் ரோமாபுரிக்கும் நேப்பிள்ஸ் நகருக்கும் இடையேயுள்ள ரொக்காசெக்கா என்னும் கோட்டையில், கி.பி. 1225-ஆம் ஆண்டையொட்டி இவர் பிறந்தார். தந்தையார் லாண்டுல்பு என்பவர் அக்குவினோ என்னும் பிரபுக் குடியினர்; தாயார் பெயர் தெயோதோரா. ஐந்து பிராயமளவில் இவரைப் பெற்றோர் அருகிலிருந்த மொந்தே கசீனோ மடத்திற் கல்வி பயில விடுத்தனர். செல்வமும் செல்வாக்கும் மிக்க அம்மடத்திற்குத் தம் மகன் ஒருநாள் தலைவனாவான் என்பது அவர்கள் எண்ணம். 1239-இல் பேரரசன் இரண்டாம் பிரெடரிக்குக்கும் பாப்பரசர்க்கும் மூண்ட பகையால் மடம் அல்லற்படவே, தோமாஸ் நேப்பிள்ஸ் சென்று, அப்பேரரசன் 1224-இல் நிறுவிய சர்வகலாசாலையிற் சேர்ந்தார். அங்கேதான் கிரேக்க ஞானியாகிய அரிஸ்டாட்டிலின் நூல்கள் அவர்க்கு அறிமுகமாயின.

1244-இல் இவர் தோமினிக்கு சபையிற் சேர்ந்து துறவாடை பூண்டார். இரந்துண்டலும், ஊர்தோறும் சென்று போதித்தலும், ஓயாது கற்றலும் அச்சபையார் மேற்கொண்ட விரதங்கள். பிரபு வீட்டுப் பிள்ளை இரந்துண்பதா என்று குடும்பத்தார் கொதித்தனர். பாரிஸ் நோக்கிச் சென்றுகொண்டிருந்தவரை உடன்பிறந்தார் வழிமறித்துப் பற்றிவந்து, குடும்பக் கோட்டையிலே ஏறத்தாழ ஓராண்டு காவலில் வைத்தனர். அன்பாலும் அச்சுறுத்தலாலும் அவர் மனத்தை மாற்ற முயன்றும் பயனில்லாது போயிற்று. சிறைப்பட்ட நாளிலும் அவர் நூல் கற்றலை விட்டாரிலர். இறுதியில் வீட்டாரே தளர்ந்து அவரைப் போக விட்டனர். பெற்றோர் தீயர் அல்லர். மகனுக்குப் பெருமை தேடினர். ஆனால், பதவியே பெருமை என்று அவர்கள் கொண்டனர். கல்வியே பெருமை என்று மகன் கொண்டார்.

பாரிஸ் சென்ற தோமாஸ், 1248-இல் ஜெர்மனியிலுள்ள கொலோன் நகரை யடைந்து, அக்காலத்துப் பெரும்புலவராகிய ஆல்பர்ட்டு என்பாரிடம் பயின்றார். பருத்த உடலும் பேசா வாயும் உடையராதலின், உடன்பயின்றோர் இவரை ஊமை எருது என்று எள்ளினர் என்பர். ஆல்பர்ட்டோ, இவ்வெருதின் முழக்கம் ஒருநாள் உலகெங்கும் கேட்கும் என்று கூறினாராம். மௌனத்தை மந்தம் என்று கொள்ளாத ஆசிரியர் வாய்த்தமை இவர் பெற்ற பேறு.

அந்நாளிற் பாரிஸ் சர்வகலாசாலை ஐரோப்பா முழுமைக்கும் தேவசாஸ்திரக் கல்விக்குத் தலைநிலையமாய் விளங்கிற்று. கத்தோலிக்கத் திருச்சபையின் ஆணைக்குட்பட்ட அக்கழகத்தில் ஆசிரியப் பதவி எளிதிற் கிட்டுவதன்று. 1215-இல் ஏற்பட்ட விதிகளின்படி, தேவசாஸ்திரம் கற்பிப்பவர் அத்துறையில் 8 ஆண்டேனும் பயின்றவராய், 35 பிராயம் நிரம்பியவராய் இருத்தல் வேண்டும். 1252-இற் பாரிஸ் மீண்ட தோமாஸ், பீட்டர் லொம்பார்டு என்பார் தொகுத்த பாடநூலுக்கு உரை கூறும் இளம் போதகராய் அமர்ந்தார். அப்பொழுது, இரந்துண்ணும் துறவியர்க்கு ஆசிரியப் பதவி தரலாகாதென்று பிற ஆசிரியர் பெருங்கலகம் விளைத்தனர். தெருவிற் சென்ற துறவியர்மேற் சேறும் குப்பையும் வீசப்பட்டன. அரசனுடைய வில்லாளிகள் அவர் மடத்தைக் காவல் காத்தனர். அக்கலகத்தின் நடுவே 1256-இல், பிராய விதிக்குச் சிறப்பு விலக்குப் பெற்று, ஏறத்தாழ 31 வயதில் தோமாஸ் தேவசாஸ்திர ஆசிரியராயினார். பிற ஆசிரியர் அவரைத் தம் குழுவில் ஏற்றுக்கொண்டதோ 1257-இலேதான்.

அவர் கற்பித்தது எங்ஙனம் என்பதே நாம் கருதற்பாலது. வேதநூலுக்கு உரை கூறல், வாதம் நடத்தல், பிரசங்கித்தல் என ஆசிரியர்க்குக் கடமை மூன்று. இவற்றுள் வாதம் என்பது வறும் சண்டையன்று. வினா முன்னரே அறிவிக்கப்படும். குறித்த நாளிற் கூடியிருப்போர் தடைகளை எழுப்புவர். ஆசிரியரின்கீழ் உள்ள இளம் போதகர் முதற்கண் விடையிறுப்பர். பின்னொரு நாளில் ஆசிரியரே தடைகளையெல்லாம் வரிசைப்படுத்தித் தம் முடிபை நிறுவி, ஒவ்வொரு தடைக்கும் தனித்தனி விடை பகர்வர். அன்றியும், கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு முன்னும், உயிர்ப்பு விழாவுக்கு முந்திய தவக்காலத்திலும், யாவரும் எவ்வினாவும் எழுப்பத்தக்க திறந்த வாதங்கள் உண்டு. எவ்வினா வரும் என்று அறியாது அவைமுன் நிற்றல் எத்துணை அரிதென்பதை ஆசிரியத் தொழிலில் உள்ளார் நன்குணர்வர். தோமாஸ் நடத்தியனவாக அத்தகைய வாதங்கள் 12 நூலுருவில் உள்ளன. 1256 முதல் 1259 வரை உண்மை என்னும் பொருள்பற்றி அவர் நடத்திய வாதங்களும் 29 வினாக்களாகத் தொகுக்கப்பெற்றுள்ளன.

பின்னர் இத்தாலி மீண்டு கற்பித்து வருங்கால், 1265-ஐ யொட்டி ரோமாபுரியில் தம் பெருநூலாகிய தேவசாஸ்திரத் தொகையை எழுதத் தொடங்கினார். அஃது அறிஞர்க்காக எழுதியதன்று. தொடக்க மாணாக்கர்க்காக எழுதியது. வேண்டா வினாக்களின் பெருக்கத்தாலும், ஒழுங்கின்மையாலும், கூறியது கூறலாலும் இளையோர் சலிப்புறுகின்றனர் என்று அவர் அந்நூன்முகத்தில் வருந்துகின்றார். 512 வினாக்கள் கொண்ட அந்நூலில் ஒவ்வொரு பொருளும் தடையோடே தொடங்கும். கடவுள் உளரோ என்னும் வினாவிலும் அவ்வாறே. அளவிலா நன்மையாகிய கடவுள் உளராயின் உலகில் தீமை இருத்தல் யாங்ஙனம் என்பது முதற்றடை. உலக நிகழ்ச்சிகள் யாவும் இயற்கையாலும் மனிதர் கருத்தாலுமே விளங்குமாயின் கடவுள் எற்றுக்கு என்பது இரண்டாந்தடை. நாத்திகர் வாயில் வரத்தக்க வலிய தடைகள் இவை. இவற்றை மறையாது முன்வைத்த பின்னரே, கடவுள் உண்மைக்கு அவர் ஐந்து வழி காட்டுகின்றார். வலியற்ற தடையை நிறுத்தி வீழ்த்துதல் எவர்க்கும் எளிது. வலிய தடையைத் தாமே தேடிக்கொண்டுவந்து நிறுத்துதல் உண்மையில் நம்பிக்கையுடையார்க்கே இயலும். இஸ்லாமிய ஞானிகளாகிய அவிசென்னா, அவெரோயஸ், யூத ஞானியாகிய மைமோனிடஸ் ஆகியோர் கருத்தையும் அவர் மதித்தெடுத்து ஆராய்ந்தார்.

1268-இல் அவர் மீண்டும் பாரிஸ் வந்தபோது பகை இருபுறமும் நின்றது. அரிஸ்டாட்டிலைத் தொடுதலே குற்றம் என்றனர் ஒருசாரார். மனிதர் எல்லார்க்கும் அறிவு ஒன்றே, ஒவ்வொருவர்க்கும் தனித்தனி இல்லை என்னுமளவுக்குச் சென்றனர் மறுசாரார். 1270-இல் இப்பின்னவரை மறுத்து நூல் எழுதிய தோமாஸ், வேத வாக்கைக் காட்டி அவர்களை அடக்க முற்பட்டாரிலர். ஞானிகளின் நூல்களைக் கொண்டும் நியாயத்தைக் கொண்டுமே வாதித்தார். மறுப்போர் மூலையிலிருந்து ஆராயவறியாச் சிறுவரிடம் பேசுதலை விடுத்து, வெளிப்பட எழுதி மறுக்கட்டும் என்று அந்நூலிறுதியில் அறைகூவினார். ஆயின், அவ்வாண்டு டிசம்பரில் பாரிஸ் மேற்றிராணியார் தெம்பியே 13 கருத்துக்களைத் தடுத்து ஆணை பிறப்பித்தார். நூலால் விடையிறுப்பது ஒரு நெறி. ஆணையால் வாயடைப்பது மற்றொரு நெறி.

1272-இல் நேப்பிள்ஸ் சென்று கற்பித்த இவர், 1273 டிசம்பர் 6-இல் பூசை முடித்தபின் எழுதுகோலை அறவே கீழே வைத்தார். தமக்குப் புலப்பட்டதனோடு ஒப்பிட, எழுதியவை யாவும் வைக்கோல் போலத் தோன்றுவதாகத் தோழரிடம் கூறினார் என்பர். பெருநூல் முற்றுப்பெறாது நின்றது. லியோன் நகரில் நிகழவிருந்த சங்கத்திற்குச் செல்லும் வழியில் நோயுற்று, 1274 மார்ச்சு 7-இல் பொஸ்ஸனோவா மடத்தில் உயிர் நீத்தார். 50 ஆண்டும் நிரம்பாத வாழ்வு அது. அவர் உடலைத் தமக்குத் தருமாறு வேண்டிக் கடிதம் விடுத்தோர் பாரிஸ் தேவசாஸ்திர ஆசிரியர் அல்லர். அரிஸ்டாட்டிலைக் கற்பித்த கலைத்துறை ஆசிரியரே.

சரியாக மூன்றாண்டு கழிந்து, 1277 மார்ச்சு 7-இல் அதே மேற்றிராணியார் 219 கருத்துக்களைக் கண்டித்தார். தோமாஸ் கற்பித்தனவாகக் கருதப்பட்ட சிலவும் அவற்றுட் பட்டன. தாம் கற்பித்த நகரிலேயே அவர் கல்வி ஐயத்திற்குள்ளாயிற்று. ஆனால், அவர் நூல்களைக் கற்பார் குறைந்திலர். 1323-இல் பாப்பரசர் இருபத்திரண்டாம் யோவான் இவரைப் புனிதர் எனப் பிரகடனஞ் செய்தார். 1325-இற் பாரிஸ் மேற்றிராணியார், தோமாஸின் கருத்தைத் தொடும் அளவில் அக்கண்டனத்தை நீக்கினார். 1880-இல் பாப்பரசர் பதின்மூன்றாம் சிங்கராயர் இவரைக் கத்தோலிக்கக் கல்விச்சாலைகளுக்கும் சர்வகலாசாலைகளுக்கும் பாதுகாவலராக நியமித்தார். இம்மாற்றம் அனைத்திற்கும் ஏறத்தாழ 600 ஆண்டுகள் சென்றன.

ஆணை பிறப்பித்தவரின் பெயர் இன்று ஆராய்ச்சியாளர்க்கே தெரியும். தடையை மதித்து விடை தந்தவரின் நூலோ இன்றும் கற்பிக்கப்படுகின்றது. நம் இல்லங்களில் நிகழ்வதையும் சற்று நோக்குவோமாக. பிள்ளை ஒரு தடை எழுப்பினால் வாய் காட்டுகின்றான் என்று சினக்கின்றோம். அத்தடையை அவனினும் தெளிவாக நாமே எடுத்துக் கூறிப் பின் விடை தருவோமாயின், அவன் விடையோடு ஆராயும் நெறியையும் நம்மிடம் கற்பான். பள்ளியில் ஆசிரியர்க்கும் வீட்டிற் பெற்றோர்க்கும் இந்நெறி ஒன்றே.